வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். நான் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். வயது 41. என் வீட்டுக்காரர் எட்டு மாதத்துக்கு முன்பு மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் தவறிப்போனார். 20 வருஷம் இதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர். சாவுக்குப் பெட்டி தந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மூத்தவன் ஏ.எல். படிக்கிறான், சின்னவளுக்கு 11 வயது. அவருடைய அம்மாவும் எங்களோடுதான், கண் சரியாகத் தெரியாது. குழுக் கடன், நகை அடகு எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 80 ஆயிரம் இருக்கிறது. கிழமைக்குக் கிழமை லோன்காரர் ஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

தெரிந்த சப் ஏஜென்ட் ஒருவர், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனால் போவதற்கு முன்பே 3 இலட்சம் கையில் தருவதாகச் சொல்கிறார். அடுத்த மாதமே புறப்பட வேண்டுமாம். எனக்கு ராத்திரியில் தூக்கமில்லை. ஒரு தும்பி பறந்தாலும் உடம்பெல்லாம் நடுங்குகிறது. காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகும்போது அந்த மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் கூடையை விட்டுவிட்டு ஓடிய இடம் கண்ணுக்குத் தெரியும். அவருடைய கம்பளியை இன்னும் துவைக்கவில்லை. எங்கேயாவது போய்விட்டால் போதும் என்று இருக்கிறது.

சபையில் சொன்னேன். "பயப்படுவது அவிசுவாசம், தைரியமாகப் போ, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். என் அம்மா போகவே கூடாது என்கிறார். நான் பயப்படுவது பாவமா அக்கா? போகட்டுமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி கடிதத்தில் சிலவற்றை மாற்றியும் சுருக்கியும்தான் மேலே தந்திருக்கிறேன். முதலில் பயத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கடனையும் குவைத்தையும் விட அதுதான் உங்களைக் கூடுதலாக அழுத்துகிறது என்று படுகிறது.

இல்லை, நீங்கள் பயப்படுவது பாவமில்லை. அவிசுவாசமும் இல்லை. தாவீது பெலிஸ்தர் கையில் அகப்பட்டபோது பாடிய 56ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார். பயம் போன பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. பயம் இருக்கிற அதே நாளில் நம்புகிறார். கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரும் திகிலடைந்தார், வியாகுலப்பட்டார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அந்த இரவில் அவர் மூன்று சிநேகிதரைக் கூட்டிக்கொண்டுபோய், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். ஆண்டவரே துணை கேட்ட இடத்தில், நீங்கள் மட்டும் பயமே இல்லாதவள் போல நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

சபையில் உங்களுக்குச் சொன்ன வசனம் யோசுவா முதலாம் அதிகாரத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். "பலங்கொண்டு திடமனதாயிரு, திகையாதே, கலங்காதே." நல்ல வசனம், எனக்கும் மனப்பாடம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை போல. அந்த அதிகாரம் தைரியத்தில் தொடங்கவில்லை, சாவில் தொடங்குகிறது. மோசே மரித்துப்போனான் என்று கர்த்தரே வாய்விட்டுச் சொல்கிறார். அதற்கு முன்பு ஜனங்கள் 30 நாள் அழுதிருக்கிறார்கள். அழுகிற நாட்கள் முடியும் முன்னே எழும்பிப் போங்கள் என்று அவர்களை யாரும் விரட்டவில்லை. அப்புறம் யோசுவா என்ன செய்தார்? வாக்குத்தத்தம் கையில் இருந்தும், எரிகோவைப் பார்த்து வரச் சொல்லி இரண்டு பேரை இரகசியமாக அனுப்பினார். போகிற இடம் எப்படிப்பட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் ஆற்றைக் கடந்தார். கர்த்தர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் ஏஜென்டிடம் நாலு கேள்வி கேட்பதும், தெரிந்தவர்களிடம் விசாரிப்பதும், தாள்களை வாங்கிப் படிப்பதும் அந்த வகைதான்.

இனி, உங்கள் கடிதத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களில் கடனைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. குவைத்தைப் பற்றி அதைவிடக் குறைவு. அந்த மலையைப் பற்றித்தான் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். கூடை கிடந்த இடம், கூட வேலை செய்தவர்கள் போட்ட சத்தம், ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போனபோது அவர் உங்கள் கையைப் பிடித்திருந்தது. எங்கேயாவது போய்விட்டால் போதும் என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களை விரட்டுவது கடன்காரரை விட அந்த மலை என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் குவைத் அதற்கு மருந்தாகாது. தூக்கமில்லாமல், ஒரு பூச்சிச் சத்தத்துக்கே நடுங்குகிற உடம்போடு, பாஷை தெரியாத ஒரு வீட்டில், விடிந்தால் எழும்பி இரவு எத்தனை மணிக்குப் படுப்போம் என்று தெரியாத வேலைக்குப் போனால் அந்த நடுக்கமும் உங்களோடு வரும். அங்கே உங்களைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இதற்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கணக்கப்பிள்ளையிடமோ தோட்டத் தலைவரிடமோ சொல்லி, கொஞ்சக் காலத்துக்கு வேறு மலையில் உங்களைப் போடச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் கூட வேலை செய்கிற அக்காமார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மலையின் குளவிக் கூடு இன்னும் அகற்றப்படாமல் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது எல்லோருடைய உயிர்ப் பிரச்சினை. அப்புறம் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய், தூக்கமில்லை, நடுக்கம் நிற்கவில்லை, வீட்டுக்காரர் கண்முன்னே போனார் என்று மூன்று விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினால் வெட்கப்படாமல் போங்கள். ஜெபத்தோடு மருந்தும் எடுக்கலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926க்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, தமிழில் பேசக் கேளுங்கள்.

கம்பளியைத் துவைக்காதது பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் தப்பில்லை. உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது துவைத்துக்கொள்ளலாம்.

இப்போது காசு விஷயம். இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள், உங்களுக்கும் தெரிந்த கதைதான். புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், செத்துப்போனான். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அவள் எலிசாவிடம் போய் அழுகிறாள். எலிசா நினைத்திருந்தால் முதல் வார்த்தையாக "விசுவாசி, பயப்படாதே" என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது வேறு. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் அல்லாமல் வேறொன்றும் இல்லை என்றாள். அற்புதம் அந்த எண்ணெயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகும், அதை விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததில் நீயும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள் என்று கணக்காகவே சொல்லி அனுப்பினார்.

அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். வீட்டில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்கள் கணவரின் 20 வருஷ உழைப்புக்கு வர வேண்டிய காசு இன்னும் வாங்கப்படாமல் கிடக்கிறது.

அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் ஈ.பி.எஃப். என்று வெட்டியிருப்பார்கள். ஊழியர் சேமலாப நிதி என்பது அதுதான். அதோடு தோட்டம் தன் பங்காக 12 வீதம் போட்டிருக்க வேண்டும். இந்தக் காசு 20 வருஷமாக வட்டியோடு சேர்ந்திருக்கிறது. அவர் இல்லாததால் அவர் நியமித்தவருக்கோ சட்டப்படியான வாரிசுக்கோ சேரும். தொழில் காரியாலயம் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். இது போக ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி இருக்கிறது. அதற்குத் தோட்டம் மட்டும் 3 வீதம் கட்டும். அது வேறு நிதி, வேறு விண்ணப்பம். ஒன்றுக்கு எழுதினால் மற்றது தானாக வராது. உறுப்பினர் இறந்தால் அந்த நிதியில் மரண நன்மையும் உண்டு, அதையும் கேளுங்கள்.

மூன்றாவது, சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது இறந்தால் அது வாரிசுகளுக்கு. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதையே வைத்துப் பார்த்தாலும் 14 நாளுக்கு 18,900, 20 வருஷத்துக்கு 378,000 ரூபாய். உங்கள் கடன் 280,000. ஏஜென்ட் காட்டுகிற காசு 300,000. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மகனுக்கும் காட்டுங்கள். இந்தப் பணத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், தாமதமானால் மேலதிகத் தொகையும் சேர வேண்டும். உங்களுக்கு எட்டு மாதமாகிவிட்டது.

நாலாவது, அவர் வேலை நேரத்தில், வேலை செய்த இடத்தில் குளவி கொட்டி இறந்திருக்கிறார். வேலையின்போது நேரும் விபத்தில் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு நட்டஈடு தர வேண்டும் என்று 1934ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். மரண விசாரணை அறிக்கை, ஆஸ்பத்திரித் துண்டு, மரணச் சான்றிதழ், அன்று கூட வேலை செய்தவர்களின் பெயர்கள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எதற்குக் கூச்சம்? இது தர்மக் காசு இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் அவர் நின்று சம்பாதித்தது. துரையின் தயவுமில்லை, தலைவரின் தயவுமில்லை. பெரிய கிளாக்கரிடம் போய், என் வீட்டுக்காரரின் சேமலாப நிதி இலக்கம் என்ன, சேவைக்காலக் கணக்கு என்ன, எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். நான் தைரியம் என்று சொல்வது முதலில் இதைத்தான். விமானம் ஏறுவதை விடத் தோட்டக் காரியாலயத்தின் படியேறுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். அதனால்தான் அந்தப் படிக்காக ஜெபம்பண்ணச் சொல்கிறேன்.

ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நம் தோட்டங்களில் ஒரு ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, செக்ரோல் என்கிற தோட்டப் பெயர்ப்பதிவில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி ஒன்று, ஞானஸ்நானம் எடுத்தபோது ஒன்று. அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். இந்த ஓர் எழுத்தால் வருஷக்கணக்காகக் காசு வாங்க முடியாமல் அலைகிற குடும்பங்கள் உண்டு. எல்லாத் தாள்களையும் வரிசையாக வைத்து எழுத்துக்கெழுத்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதமும் தேவைப்படலாம். உங்கள் திருமணம் சபையில் நடந்தது என்றால் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் எடுங்கள். சேமலாப நிதியில் அவர் யாருடைய பெயரை நியமித்திருந்தார் என்றும் கேளுங்கள். கலியாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் தாயின் பெயரைக் கொடுத்திருப்பது சகஜம். அப்படியிருந்தால் அதனால் அப்பாயியோடு மனஸ்தாபம் வேண்டாம், தொழில் காரியாலயத்தில் விளக்கிச் சொல்லிக் கேளுங்கள். யாராவது இழுத்தடித்தால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக உதவும். அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிக் கொடுப்பனவுக்கு அவர் உயிரோடு இருந்தபோது பதிந்த விபரம்தான் இன்னும் இருக்கிறது என்றால் பிரதேச செயலகத்தில் சொல்லி அதையும் திருத்துங்கள்.

சரி, குவைத். போகிற பெண்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள், லயத்தை விட்டு வெளியே வீடு கட்டியவர்கள் எத்தனையோ பேர். தாய் வெளிநாடு போனதால்தான் குடும்பம் கெட்டது என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் அம்மா சொல்வதற்காக மட்டும் போகாமல் இருக்கவும் வேண்டாம். ஆனால் இந்த ஏஜென்ட், இந்தத் தேதி, இந்த 3 இலட்சம் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

காரணம் சொல்கிறேன். முன்பணமாக வருகிற காசு சும்மா வருவதில்லை. இடையில் உடம்புக்கு முடியாமலோ, கொடுமை தாங்காமலோ திரும்பி வந்தால் அதைத் திருப்பிக் கேட்டு நிற்பார்கள். ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருஷம். அதற்குள் வந்தால் பழைய கடனோடு இந்தக் கடனும் சேரும் என்ற பயத்திலேயே எத்தனையோ பெண்கள் அடியும் பட்டினியுமாக அங்கேயே கிடக்கிறார்கள். அடுத்தது, சப் ஏஜென்ட் என்பவருக்கு அனுமதிப்பத்திரம் எதுவும் இருக்காது. எந்த நிறுவனத்துக்கு ஆள் சேர்க்கிறார், அந்த நிறுவனத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்று கேளுங்கள். பிறகு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அது உண்மையா என்று பாருங்கள். விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள். அப்படிப் போய் ஓமானிலும் துபாயிலும் சிக்கிக்கொண்ட பெண்களின் கதை 2022இல் நாட்டுக்கே தெரியவந்தது. பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதியும் இல்லை, அங்கே பிரச்சினை என்றால் எந்தப் பதிவை வைத்தும் உங்களைத் தேட முடியாது.

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஆள்கட்டிகளின் பேச்சைக் கேட்டு வந்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்தார்களாம். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களின் பிள்ளைகள் நாம். 2023இல் அந்த 200 வருஷத்தை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது, அவர்களுடைய தைரியத்தைப் பற்றி எல்லோரும் பேசினோம். பேச வேண்டியதுதான். அந்தத் தைரியத்தைத் தங்கள் இலாபத்துக்குப் பயன்படுத்தியவர்களைப் பற்றியும் பேச வேண்டும். முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது அன்றும் அவர்களுடைய வழிதான். வந்து சேர்ந்த பிறகு அந்த முன்பணக் கடனைக் கட்டி முடிக்கவே ஒரு தலைமுறை போனது.

பிள்ளைகளைப் பற்றி. மூத்தவன் ஒன்றும் பேசாமல் இருக்கிறான், படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் வீட்டின் ஆம்பிளை ஆகிவிட வேண்டும் என்று நினைக்கிறான். துக்கவீட்டில் வந்துபோனவர்கள் இனி நீதானப்பா எல்லாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அது 17 வயதுப் பையனின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: "இந்தக் கடன் உன் தலையில் இல்லை. நீ உயர்தரத்தை முடி. ஆனால் அப்பாவின் தாள்களைப் பார்க்க எனக்கு உன் உதவி வேண்டும்." விண்ணப்பங்களை நிரப்ப, பெயர்களைச் சரிபார்க்க, தொழில் காரியாலயத்துக்குக் கூட வர அவனுக்கு வேலை இருக்கிறது. அப்பாவுக்காக ஏதோ செய்கிறோம் என்பது அவனுக்கும் ஆறுதலாக இருக்கும். அப்பாவைப் பற்றி அவன் வாயைத் திறக்கிறானா என்று பாருங்கள், திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

சின்னவளிடம் குவைத் விஷயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 11 வயது என்றால் எல்லாம் விளங்கும். அப்பா ஒருநாள் வேலைக்குப் போனார், வரவில்லை. அம்மாவும் போகிறாள் என்று காதில் விழுந்தால் அவளுக்கு அது என்னவாகத் தெரியும் என்று யோசியுங்கள். பின்னொரு காலத்தில் நீங்கள் போவதாகவே முடிவெடுத்தாலும், கண் தெரியாத அப்பாயியையும் பரீட்சைக்குப் படிக்கிற அண்ணனையும் நம்பி அவளை லயத்துக் காம்பராவில் விட்டுப் போக முடியாது. பொறுப்பான ஒரு பெண், யாரோ ஒருத்தி, பெயர் சொல்லக்கூடிய ஒருத்தி இருக்க வேண்டும். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தாள் கேட்பது இதற்காகத்தான். காசு கொடுத்து அதை எப்படியாவது வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற ஏஜென்டை நம்பாதீர்கள்.

உங்கள் சபையாருக்கும் ஒரு வார்த்தை, இதை அவர்களிடம் வாசித்துக் காட்டினாலும் சரி. இந்தச் சகோதரிக்குத் தைரியம் சொன்னீர்கள், நன்றி. இனி அவளோடு நடந்து போங்கள். தொழில் காரியாலயத்துக்குப் போகிற அன்று அவளுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசு வேண்டும், அப்பாயிக்கு மத்தியானம் சோறு போட ஒருவர் வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். சமாதான நீதவான் ஒருவரையாவது சபையில் யாருக்காவது தெரிந்திருக்கும். படிவம் எழுதத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பார். லோன்காரர் வருகிற நாளில் இரண்டு பெரியவர்கள் ஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தால் அவர் பேசுகிற தொனியே மாறும். சிரித்த முகத்தோடு சபைக்கு வர வேண்டும் என்றும் அவளிடம் எதிர்பார்க்காதீர்கள். நகோமி பெத்லெகேமுக்குத் திரும்பி வந்தபோது தெருவில் நின்று, நிறைவாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். ஊர்ப் பெண்கள் யாரும் அவளை அவிசுவாசி என்று சொன்னதாக வேதாகமத்தில் இல்லை.

லோன்காரரிடம் நீங்கள் மறைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்காரரின் சேவைக்காலப் பணத்துக்கும் சேமலாப நிதிக்கும் விண்ணப்பித்திருக்கிறேன், வந்ததும் கட்டுகிறேன், அதுவரை தவணையைக் குறைத்துத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தின் பிரதியை அதோடு இணையுங்கள். வாய்ப்பேச்சாக எதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேரவும் வேண்டாம்.

இவையெல்லாம் முடியச் சில மாதங்கள் ஆகும். கடன் தீர்ந்து, தூக்கம் திரும்பி, மகனின் பரீட்சையும் முடிந்த பிறகு, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, அப்போதும் வெளிநாடு போவதுதான் நல்லது என்று உங்களுக்குப் பட்டால் எழுதுங்கள். சரியான வழியில் எப்படிப் போவது என்று அப்போது பார்ப்போம். தோட்டத்திலேயே இருப்பது, நகரத்தில் வேறு வேலை பார்ப்பது என்று வேறு வழிகளும் அப்போது கண்ணுக்குத் தெரியலாம். இப்போது அவற்றைப் பார்க்கிற நிலையில் நீங்கள் இல்லை, அது உங்கள் குற்றமும் இல்லை.

ஏஜென்டிடம் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். "என் புருஷனின் கணக்கு முடியும்வரை நான் எங்கேயும் வர மாட்டேன்" என்று சொல்லுங்கள், அது போதும். காரணம் விளக்க வேண்டியதில்லை. அவரிடம் முன்பணமாக ஒரு ரூபாயும் வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தக் கிழமையே மகனையும் சபையில் ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப வாங்கி வாருங்கள். தர மறுத்தால் 1989க்கு அழைத்து முறைப்பாடு செய்யுங்கள்.